சிவப்புப் பென்சில் கீறாத பக்கங்கள்

புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் இருவருக்கும் இதை எழுதி, மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டுப் போகிறேன். ஒன்பது வருடம் இந்த மேசையில் இருந்துவிட்டேன். அடுத்த மாதம் சட்டக் கல்லூரி. முப்பத்திரண்டு வயதில் ஓய்வு பெறுகிறேன் என்றால் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மாடிப்படியில் ஏறி இறங்குகிற எல்லோரும் சிரிக்கிறார்கள். ஆனால் லாச்சியைத் துப்புரவாக்கிப் பூட்டித் திறப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறவர் எந்த வயதிலும் ஓய்வு பெற்றவர்தான்.

பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகப் பதிவு எல்லாவற்றையும் எப்படி மொழிபெயர்ப்பது, முத்திரையை எங்கே குத்துவது என்பதையெல்லாம் இரண்டு கிழமையில் பழகிவிடுவீர்கள். மிச்சத்தை ஹாஜியார் காட்டித் தருவார். இந்தக் கந்தோர் அவருடையது. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராக அவர் என்னைவிட இருபது வருடம் மூத்தவர். நான் எழுத வந்தது ஒரு சொல்லைப் பற்றி. உசுப்பிவிடுதல்.

அதற்குச் சொந்தக்காரர்கள் நிறையப் பேர். தூண்டுதல், ஏவுதல், உந்துதல், ஊக்குதல், கிளப்புதல். சும்மா இருக்கிற ஆளை அசைய வைக்கிற சொற்கள். சமாதான காலத்தில் பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவில்தான் இவை அதிகம் கேட்கும். யுத்த காலத்தில் பொலிஸ் கோப்புகளில் கேட்கின்றன. நீங்களும் கிழமைக்கு ஒன்றாவது காண்பீர்கள். கண்டதும் மூன்று கேள்வி கேளுங்கள். யார்? யாரை? எதற்கு? முதல் இரண்டுக்கும் விடை சொல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும். மூன்றாவது இரண்டு பக்கம் தள்ளி இருக்கலாம். இதை நான் எப்படிப் படித்தேன் என்பதுதான் கதை.

வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருடம். நான் கெட்டிக்காரி என்று எனக்கே ஒரு எண்ணம். மூன்று மொழியும் ஓடும், கை அதைவிட வேகமாக ஓடும். புதுச் சொற்களை எழுதி வைக்க ஒரு கொப்பி வைத்திருந்தேன். ஒரு தமிழ்ச் சொல்லுக்குச் சரியாகப் பொருந்தும் சிங்களச் சொல் கிடைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்கச் சந்தோஷம்.

அந்த நாட்களில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் ஒவ்வொரு சுற்றிவளைப்புக்குப் பிறகும், வீடுகளில் எடுத்த கடிதங்கள் பொலிஸிலிருந்து கட்டுக் கட்டாக வரும். தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு கான்ஸ்டபிள் அவற்றைப் புரட்டிப் பார்த்து, சந்தேகமான இடத்தில் சிவப்புப் பென்சிலால் கீறி அனுப்புவார். கீறிய வரிகளை மட்டும் சிங்களத்தில் எழுதி, கையெழுத்து வைத்து, முத்திரை குத்திக் கொடுப்போம். அப்படித்தான் செய்ய வேண்டும் என்று யாரும் கட்டளையிட்டதாக எனக்குத் தெரியாது. கட்டுகள் பெரிதாக வந்தன, நாங்கள் சுருக்கமாகச் செய்தோம், பிறகு அதுவே முறையாகிவிட்டது.

ஒரு திங்கட்கிழமை வந்த கட்டில் ஐந்து பக்கக் கடிதம் ஒன்று. போட்டோக் கொப்பி. கொட்டாஞ்சேனையில் வாடகை அறை ஒன்றில் பிடிபட்ட ஒருவரின் சட்டைப் பையில் இருந்தது. எழுதி முடித்து, இன்னும் தபாலில் போடாத கடிதம். இரண்டாம் பக்கத்தில் நாலு வரி கீறியிருந்தது.

‘இஞ்ச பொடியள் ஒருத்தரும் அசையிறாங்களில்லை. நான் சொல்லிச் சொல்லிக் களைச்சுப் போனன். நீ வந்து இவங்களை ஒருக்கா உசுப்பிவிட வேணும். ஒருக்கா எழும்பினாங்கள் எண்டால் பிறகு ஒருதராலும் நிப்பாட்டேலாது.’

உசுப்பிவிட. சிங்களத்தில் ‘உசிகன்வனவா’ என்று எழுதினேன். காதுக்கும் கிட்டத்தட்ட ஒரே ஓசை. அவசரகால விதிகளைச் சிங்களத்தில் வாசிக்கிறவர்களுக்கு மனப்பாடமான சொல்லும் அதுதான், கலகத்துக்கு ஆட்களைத் தூண்டுகிறவரைச் சொல்வது. எனக்குத் திருப்தி. பதினைந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. மற்ற நாலு பக்கங்களை நான் காணவில்லை என்று சொல்ல முடியாது. அவற்றைச் சேர்த்துக் குத்தியிருந்த குண்டூசி என் பெருவிரலில் ஏறியது. விரலைச் சூப்பிக்கொண்டு முத்திரையைக் குத்தினேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு பெண் படியேறி வந்தார். என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். கையில் பிளாஸ்டிக் உறை, அதற்குள் நாலாக மடித்த கடதாசி. ரவிக்கை தைக்கிறவர் என்பது விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது. பெயர் பவானி.

“மிஸ், இதைச் சிங்களத்திலை மாத்தித் தரவேணும். வியாழக்கிழமை கோட்ஸ். லோயர் கையோட கேக்கிறார்.”

“இருங்கோ அக்கா. என்ன கடிதம்?”

“என்ரை தம்பிக்காகப் பெற்றோர் எழுதித் தந்தது. ஜிந்துப்பிட்டியிலை அவன் கணக்குப் படிப்பிக்கிற பொடியளின்ரை தாய் தேப்பன்மார். பதினொரு பேர் கையெழுத்து. இரண்டு பேர் பெருவிரல்.”

நான் வாசித்துக்கொண்டே எழுதத் தொடங்கினேன். ‘சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் தவறிய எங்கட பிள்ளைகள் வீட்டிலே சும்மா கிடந்தார்கள். திரும்பச் சோதனை எழுதச் சொல்லி அவர்களை உசுப்பிவிட்டவர் இந்த நேசன் மாஸ்டர்தான்.’ என் பேனை தானாகவே ‘திரிகன்வனவா’ என்று எழுதியது. உற்சாகப்படுத்துவது, தைரியம் கொடுப்பது. யோசிக்கக்கூட இல்லை. எதற்கு என்பது அதே வரியில் இருந்ததால் சொல் தானாக வந்தது.

“தம்பி எங்கை இருக்கிறார்?” என்று சும்மா கேட்டேன்.

“விளக்கமறியலிலை. அறையைச் சோதிக்கேக்கை ஒரு கடிதம் எடுத்தவையாம். தன்ரை சிநேகிதனுக்கு எழுதினது. அட்டனிலை கணக்குப் படிப்பிக்கிற பொடியன். அதை ஆரோ சிங்களத்திலை மாத்திக் குடுத்திருக்கினம், இவன் ஆக்களைத் தூண்டிவிடுறான் எண்டு.” அவர் என் மேசை முத்திரையைப் பார்த்தார். “ஆர் எண்டு தெரியுமோ மிஸ்? உங்களைப் போல ஆக்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.”

“பாக்கிறன்,” என்றேன். அது பதில் அல்ல.

“இன்னொண்டும் கேளுங்கோ. வேலைக்குப் போறதாப் பொலிசிலை சொன்னானாம். பொலிஸ் போய்க் கந்தோரிலை விசாரிச்சா அப்பிடி ஒருத்தரும் இப்ப இல்லை எண்டினமாம். துறைமுகத்துக்குக் கிட்ட இருக்கிற கந்தோர் மிஸ். ஒவ்வொரு நாளும் காலமை நான்தான் சோத்துப் பார்சல் கட்டிக் குடுக்கிறனான். அவங்கள் ஏன் பொய் சொல்லவேணும்?”

அவர் போனதும் பழைய கோப்பை எடுத்தேன். எங்களிடம் எல்லாவற்றுக்கும் ஒரு பிரதி இருக்கும், அது ஹாஜியாரின் கண்டிப்பு. குண்டூசியைக் கழற்றிவிட்டு ஐந்து பக்கத்தையும் வாசித்தேன். முதல் பக்கம் நலம் விசாரிப்பு. இரண்டில் கீறிய நாலு வரி. மூன்றில் பொடியளின் பட்டியல்: ‘ரவிக்கு மைனஸ் அடையாளம் கண்டால் பேயைக் கண்ட மாதிரி. காந்தன் எக்ஸ் எண்டால் என்ன எண்டு கேட்டால் கூட்டல் அடையாளம் சரிஞ்சு போச்சு எண்டிறான். விண்ணப்பம் அனுப்பச் சொன்னால் ஒருத்தனும் அசையிறானில்லை.’ ஐந்தாம் பக்கத்தில் அவர் எழுதியிருந்த சோதனை விண்ணப்ப முடிவு திகதி, வருகிற வெள்ளிக்கிழமை. நாலாம் பக்கத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஹாஜியாரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“புள்ள, அவங்க கீறின எடத்தத்தானே நீங்க மாத்திக் குடுத்தீங்க?”

“ஓம் ஹாஜியார்.”

“சொல்லு பிழையா?”

“நாலு வரிய மட்டும் பாத்தா பிழை எண்டு சொல்லேலாது. அஞ்சு பக்கத்தையும் பாத்தா பெரிய பிழை.”

“அப்ப சும்மா இரிங்க. லோயர் வாதாடட்டும். தமிழ்ப் புள்ள ஒண்டு, தமிழ்ப் பொடியனுக்காகத் தன்ட சொல்லத் தானே மாத்துறா எண்டா என்ன செல்லுவாங்க? ஆரு ஒங்களப் புடிச்சாங்க, எவ்வளவு குடுத்தாங்க எண்டு கேப்பாங்க. ஒங்கட லைசன்ஸும் போகும், இந்தக் கந்தோர்ட பேரும் போகும்.”

அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. வெளியே புதுக்கடைக் கோட்டுக்குப் போகிற ஓட்டோக்கள் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தன.

“சொல்லை மட்டும் மாத்தினாத்தான் அப்பிடிக் கேப்பினம்,” என்றேன். “நான் சொல்லை மட்டும் மாத்தேல்லை. முழுக் கடிதத்தையும் மொழிபெயர்த்துக் குடுக்கிறன். முதல் குடுத்தது நாலு வரி, இது முழுசு எண்டு மேலை எழுதுறன். லோயரிட்டைக் குடுக்கமாட்டன். கடிதத்தைத் தந்த பொலிஸுக்கே குடுக்கிறன்.”

அவர் கண்ணாடியை இறக்கிக்கொண்டார்.

“அந்த இன்ஸ்பெக்டர்ட்டப் போறதெண்டா பத்து மணிக்கு முந்திப் போங்க. அதுக்குப் பொறகு மனுசன் சூடு.”

இதைக் கவனியுங்கள். நெருக்கடி வந்தால் முதலில் கை போகிற இடம் அந்தச் சொல்தான். அதை மட்டும் அழித்து மென்மையாக இன்னொன்றை வைக்கலாம் என்று தோன்றும். அது பிழையைத் திருத்துவது அல்ல, பக்கம் மாறுவது. எங்களுக்குப் பக்கம் இல்லை. பக்கங்கள்தான் உண்டு, ஐந்து என்றால் ஐந்தும்.

புதன்கிழமை ஒன்பதரைக்குப் பொலிஸில் நின்றேன். இன்ஸ்பெக்டர் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். என் கடதாசிகளைப் புரட்டினார்.

“மொகத மே, நங்கி? இது என்ன, தங்கச்சி? நான் கேட்டது நாலு வரி,” என்றார் சிங்களத்தில்.

“நாலு வரி தந்துவிட்டேன் சேர். மிச்சத்தை வாசிக்காமல்தான் அதைத் தந்தேன். அது என் பிழை.”

“யார் வந்து உங்களிடம் கதைத்தது?”

“அவருடைய அக்கா. வேறு கடிதம் மொழிபெயர்க்க வந்தவர். இதைப் பற்றி அவரிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை.”

“அப்போ ஏன் வந்தீர்கள்? ஒருவரும் கேட்கவில்லையே.”

“கையெழுத்து என்னுடையது, சேர்.”

அவர் மூன்றாம் பக்கத்தை வாசித்தார். மைனஸ் அடையாளம் வந்த இடத்தில் வாயோரம் ஒரு அசைவு. அவருக்கும் பள்ளிக்கூடத்துப் பிள்ளை இருந்திருக்க வேண்டும். நாலாம் பக்கத்தில் நின்று, திரும்பவும் மேலே போய் வாசித்தார்.

“இதையும் அப்படியே எழுதியிருக்கிறீர்களா? கூட்டவில்லை?”

“ஒன்றும் கூட்டவில்லை. குறைக்கவும் இல்லை.”

“நாளைக்கு நீங்களே வந்து நீதவானுக்குச் சொல்லுங்கள். நான் சொன்னால் எனக்குத்தான் வெட்கம்.” தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். “நாலு வரி கேட்டால் நாலு வரி தருகிற ஆட்கள்தான் எனக்கு வசதி, நங்கி. தெரியும்தானே?”

அவர் குறிப்பாகச் சொன்னபடியே அடுத்த நாலு மாதம் அந்தப் பொலிஸிலிருந்து எங்களுக்கு ஒரு கட்டும் வரவில்லை. லைசன்ஸ் விஷயமாக விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதமும் வந்தது. பதில் எழுதினேன், அத்தோடு முடிந்தது. ஹாஜியார் அதைப் பற்றி ஒரு நாளும் வாய் திறக்கவில்லை. ஆனால் அதன் பிறகு அவரும் குண்டூசியைக் கழற்றாமல் ஒரு கடிதத்தையும் தொட்டதில்லை.

வியாழக்கிழமை. கூண்டில் நேசன். ஒல்லியான ஆள், தாடி வளர்ந்திருந்தது. பின்வரிசை வாங்கில் பவானி அக்கா, மடியில் சோத்துப் பார்சல். அவர் என்னைக் கண்டதும் தலையாட்டினார். தன் கடிதத்துக்காக வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

நீதவான் இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “முதலில் ‘உசிகன்வனவா’. இப்போது ‘திரிகன்வனவா’. கையெழுத்து ஒன்று. எது சரி?”

“முதல் தடவை நான் நாலு வரி மட்டும் வாசித்தேன், கனம் ஐயா. எதற்கு என்பது மூன்றாம் பக்கத்தில் இருந்தது.”

“மூன்றாம் பக்கம் அப்போது உங்களிடம் இல்லையா?”

“இருந்தது.”

மண்டபத்தில் யாரோ இருமினார்கள். நீதவான் பேனையைக் கீழே வைத்தார்.

“முழுவதையும் உரத்து வாசியுங்கள்.”

வாசித்தேன். சரிந்துபோன கூட்டல் அடையாளம் வந்தபோது மண்டபத்தில் சிரிப்பு. கூண்டில் நின்றவரும் சிரித்தார் என்றே நினைக்கிறேன். பிறகு நாலாம் பக்கம்.

அதில் அவர் நண்பனுக்கு எழுதியிருந்தது இது: ‘அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை. வேலை போய் மூண்டு மாசம். காலமை எட்டு மணிக்குச் சோத்துப் பார்சலோட வெளிக்கிட்டு, களனிக்கு பஸ் ஏறி, ஆத்தங்கரையிலை இருந்து அதைத் திண்டுபோட்டு, பின்னேரம் வகுப்புக்கு வாறன். அவ ராவிரவாத் தைச்சுத்தான் வாடகை குடுக்கிறா. எனக்கு அவவின்ரை முகத்தைப் பாத்துச் சொல்லத் துணிவில்லை. பொடியளை உசுப்ப நினைக்கிறன், என்னை உசுப்ப ஒருத்தருமில்லை.’

பவானி அக்காவுக்குச் சிங்களம் நன்றாகத் தெரியும். இருபது வருடம் கொட்டாஞ்சேனையில் துணிக்கடைக்காரரோடு கதைத்தவர். அவர் அங்கே இருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். அந்தப் பத்து வரியை விட்டுவிட்டு ஐந்தாம் பக்கத்துக்குப் போயிருந்தால் மண்டபத்தில் ஒருவரும் கவனித்திருக்க மாட்டார்கள் என்று ஒரு கணம் தோன்றியது. ஆனால் எட்டு மணிக்கு வெளிக்கிட்ட ஆள் எங்கே போனார் என்ற கேள்விக்கு விடையே அந்தப் பத்து வரிதான். அதோடு, அதை விட்டிருந்தால் இந்த முறை சிவப்புப் பென்சில் என் கையில் இருந்திருக்கும்.

வாசித்தேன். குரலை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. கூண்டுக்குள் நேசன் நிலத்தைப் பார்த்தார். பின் வாங்கை நான் பார்க்கவில்லை.

முடிந்ததும் நீதவான் இன்ஸ்பெக்டரிடம் மேற்கொண்டு ஏதும் உண்டா என்று கேட்டார். இன்ஸ்பெக்டர் எழும்பி, விசாரணையில் வேறொன்றும் இல்லை, விடுவிப்பதில் ஆட்சேபனை இல்லை என்றார். அவ்வளவுதான். இரண்டு கிழமைக்கு மேல் உள்ளே இருந்ததற்கு அரை நிமிடத்தில் முற்றுப்புள்ளி.

கடதாசி வேலை முடித்து வெளியே வர மதியம் ஒன்றரை. நேசன் கோட்டுப் படியில் குந்தியிருந்தார், இரண்டு கையாலும் தலையைப் பிடித்தபடி. பவானி அக்கா நாலு படி தள்ளி நின்றார். நான் அவர்களைக் கடந்துதான் போக வேண்டும்.

“நீங்கள்தானோ மிஸ்?” என்றார் அக்கா. “முதல் மாத்தினதும்?”

“ஓம் அக்கா.”

“செவ்வாய்க்கிழமை கேட்டனான். பாக்கிறன் எண்டு சொன்னீங்கள்.”

“ஓம்.”

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கையில் வாங்கவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை.

“அந்தக் களனிக் கதை,” என்றார். “அவ்வளவு பேருக்கு முன்னாலை அதையும் வாசிக்கத்தான் வேணுமோ?”

“ஓம் அக்கா. அதையும்தான்.”

“ம்.” சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டார். “மூண்டு மாசம். நானும் ஒவ்வொரு நாளும் கேட்டனான், இண்டைக்கு வேலை கூடவோ எண்டு. கூட எண்டு சொன்னவன். முட்டைப் பொரியலும் வைச்சுக் குடுத்தனான்.”

நேசன் தலை நிமிரவில்லை. “அக்கா, நான்…”

“வாயைப் பொத்து.”

அவர் பிளாஸ்டிக் உறைக்குள் கையை விட்டார். பெற்றோர் எழுதிய கடிதத்தின் பின்னால் இன்னொரு கட்டு இருந்தது. பதினொரு சோதனை விண்ணப்பப் படிவம், பாதி நிரப்பியது. சிலதில் பெயர் மட்டும். அறையைச் சோதித்தவர்கள் கட்டிலுக்குக் கீழே எறிந்துவிட்டுப் போனவற்றை அவர் பொறுக்கி, மடிப்பு எடுத்து, கிழிந்த மூலையை ஒட்டி வைத்திருந்தார். கட்டைத் தம்பியின் மடியில் போட்டார், சோத்துப் பார்சலையும் அதன் மேல் வைத்தார்.

“நாளைக்குக் கடைசி நாள். இண்டைக்குப் பதிவுத் தபாலிலை போடாட்டில் போய்ச் சேராது. நாலு மணிக்குத் தபால் கந்தோர் பூட்டிப்போடுவாங்கள். அந்தப் பதினொண்டும் வீட்டிலை படுத்துக் கிடக்குதுகள், மாஸ்டர் மறியலிலை எண்டு. ஒவ்வொரு வீடாப் போய்க் கையெழுத்து வாங்கவேணும். சோத்தை ஓட்டோவிலை இருந்து தின்னு. மிச்சக் கதை ராவைக்கு.”

நேசன் அசையவில்லை.

“எழும்படா,” என்றார் அக்கா.

அவர் எழும்பினார்.